உங்களுக்குத் தெரியுமா? பழைய ஜீப் வாங்கும் முன் சேசிஸுக்கு அடியில் படுத்துப் பாருங்கள்

பழைய ஃபோர் வீல் வண்டி ஒன்று வேண்டும், ஹைவேயிலும் ஓட வேண்டும், மலைப்பாதையிலும் ஏற வேண்டும், எதை வாங்கலாம்? கொச்சி மட்டாஞ்சேரியில் என்னிடம் அடிக்கடி வருகிற கேள்வி இது. ஜீப்பா, ஜிப்ஸியா, ஜோங்காவா என்றுதான் பேச்சு தொடங்கும். நான் பதிலுக்குக் கேட்பது ஒன்றுதான்: அந்த வண்டி இத்தனை காலம் எந்த ஊரில் நின்றது? காரணம் போகப் போகத் தெரியும்.

◆ கொச்சி குண்டனூரில் புறப்படும் தேசிய நெடுஞ்சாலை 85, மூணாறு, போடி, தேனி, மதுரை, சிவகங்கை என்று போய்த் தொண்டியில் கடலைத் தொடுகிறது. மட்டாஞ்சேரியிலிருந்து மூணாறு ஏறக்குறைய 140 கி.மீ. கோதமங்கலம் வரை சாதாரண ரோடு, நேரியமங்கலம் பாலம் தாண்டியதும் காட்டு வளைவுகள், மூணாறுக்கு அப்பால் தோட்டத்து மண்பாதைகள். ஒரு பழைய வண்டி உங்களுக்கு ஒத்துவருமா என்று பார்க்க இந்த ஒரு சாலை போதும்.

◆ அந்த நேரியமங்கலம் பாலம் 1935இல் திறக்கப்பட்டது. அதற்கு முன் ஆலுவாவிலிருந்து பூயங்குட்டி வழியாக மூணாறுக்கு வேறொரு பாதை இருந்தது. 1924 வெள்ளம் அதை அடித்துக்கொண்டு போய்விட்டது. மூணாறின் குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலும் அதே வெள்ளத்தில்தான் போனது.

◆ ஃபோர் வீலைப் போட்டபடியே காய்ந்த தார் ரோட்டில் ஓட்டக் கூடாது. வண்டி திரும்பும்போது முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிடப் பெரிய வட்டத்தில் போகின்றன, ஆகவே கூடுதலாகச் சுற்ற வேண்டும். பழைய ஜீப், ஜிப்ஸி, ஜோங்கா எதிலும் முன்னுக்கும் பின்னுக்கும் நடுவே அந்த வித்தியாசத்தை வாங்கிக்கொள்ளும் டிஃபரன்ஷியல் கிடையாது. மண்ணிலும் சேற்றிலும் டயர் கொஞ்சம் வழுக்கி அதைச் சமாளித்துவிடும். தாரில் வழுக்காது. ஸ்டியரிங் கல்லாகும், வண்டி விக்கி விக்கித் திரும்பும், கடைசியில் ஜாயின்ட்டோ கியரோ உடையும். ஆகவே ஹைவேயில் இந்த வண்டிகள் எல்லாம் வெறும் பின் சக்கர வண்டிகள்தான். மழை ரோட்டில் ஃபோர் வீல் காப்பாற்றும் என்று நம்பி வாங்குகிறவர்கள் இதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

◆ 1941இல் அமெரிக்க ராணுவத்துக்காக வந்த வில்லிஸ் எம்.பி. ஜீப்பில் பெட்ரோல் டேங்க் இருப்பது ஓட்டுநரின் சீட்டுக்கு அடியில். பெட்ரோல் போட வேண்டுமானால் எழுந்து குஷனைத் தூக்க வேண்டும். ஹெட்லைட்டுகளுக்கு ஒரு கீல் உண்டு. திருகைத் தளர்த்தி விளக்கைப் புரட்டினால் அதன் வெளிச்சத்திலேயே இருட்டில் எஞ்சின் வேலை பார்க்கலாம். இன்று பழையதை மீட்டெடுக்கும்போது பலர் இந்தக் கீலை வெல்டு வைத்து மூடிவிடுகிறார்கள். பார்க்கவே மனசு கேட்பதில்லை.

◆ நம் நாட்டு ஜீப்பின் கதை லூதியானாவில் தொடங்கியது. 1945இல் கே.சி. மஹிந்திரா, ஜே.சி. மஹிந்திரா, மாலிக் குலாம் முகமது மூவரும் சேர்ந்து தொடங்கிய ‘மஹிந்திரா அண்டு முகமது’ ஓர் உருக்கு வியாபார நிறுவனம். பிரிவினையின்போது குலாம் முகமது பாகிஸ்தான் போய் அந்நாட்டின் முதல் நிதியமைச்சரானார், பின்னர் கவர்னர் ஜெனரலும் ஆனார். 1948இல் நிறுவனத்தின் பெயர் ‘மஹிந்திரா அண்டு மஹிந்திரா’ என்று மாறியது. வில்லிஸ் ஜீப்பைப் பம்பாயில் பூட்டத் தொடங்கியதும் அந்த ஆண்டுகளில்தான்.

◆ சில ஜீப்புகளின் பானெட் மட்டும் தூக்கலாக, நெற்றி ஏறினாற்போல இருக்கும். அது சி.ஜே. 3பி, 1953இல் அமெரிக்காவில் வந்தது. உள்வாங்கும் வால்வைத் தலைக்கு மேலே கொண்டுபோன புது எஞ்சின் பழையதைவிட உயரம். அது அடங்குவதற்காகப் பானெட்டை உயர்த்தினார்கள். நம்மூரில் பிற்பாடு ஓடிய மஹிந்திரா ஜீப்புகளின் முகமெல்லாம் இந்த வழியில் வந்ததுதான்.

◆ முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் உள்ள இடைவெளியை வைத்தே ஒரு வண்டியின் குணத்தைப் பாதி சொல்லிவிடலாம். வில்லிஸுக்கும் சி.ஜே. 3பி-க்கும் 80 அங்குலம். மஹிந்திரா எம்.எம். 540க்கு 91 அங்குலம். ஜிப்ஸிக்கு 2,375 மி.மீ., அதாவது 93 அங்குலத்துக்குச் சற்று மேல். குட்டை வண்டி மேட்டில் வயிறு தட்டாமல் ஏறும், சந்துக்குள் திரும்பும். ஆனால் ஹைவேயில் ஒவ்வொரு அலைமேட்டுக்கும் குதிரைபோலத் துள்ளும். அந்தப் பதினொரு அங்குல வித்தியாசம் கோதமங்கலம் போய்ச் சேருவதற்குள் இடுப்புக்குத் தெரிந்துவிடும்.

◆ பழைய சிவிலியன் ஜீப்பை 80 கி.மீ. வேகத்தில் ஓட்டினால் எஞ்சின் நிமிடத்துக்கு மூவாயிரம் சுற்றைத் தாண்டிவிடுகிறது. மூன்றே கியர், பின்னால் ஐந்துக்கு ஒன்றுக்கு மேல் குறைக்கும் ஆக்சில், சிறிய டயர் எல்லாம் சேர்ந்து செய்கிற வேலை அது. மலையேற அதுதான் வரம், ஹைவேயில் அதுதான் சுமை. 55, 60இல் வைத்து ஓட்டினால் நாள் முழுக்க ஓடும். அதற்கு மேல் விரட்டுவது ஒரு கிழவரை மாரத்தான் ஓடச் சொல்வது. முதல் கியருக்கு சிங்க்ரோமெஷ் இல்லை. ஓடும்போது அதைப் போட வேண்டுமானால் கிளச்சை இரண்டு முறை மிதிக்கப் பழக வேண்டும்.

◆ மாருதி ஜிப்ஸி வெளிவந்தது 1985 டிசம்பரில். முதலில் 970 சி.சி. எஞ்சின், நாலு கியர். 1996இல் 1.3 லிட்டர் எஞ்சினும் ஐந்து கியரும் வைத்து ஜிப்ஸி கிங் வந்தது. 2000த்தில் கார்புரேட்டர் போய் எம்.பி.எஃப்.ஐ. எரிபொருள் பீய்ச்சும் முறை வந்தபோது சக்தி 80 குதிரை. வண்டியின் எடையோ ஒரு டன்னை ஒட்டித்தான். சேற்றில் மற்ற வண்டிகள் மூழ்குகிற இடத்தில் ஜிப்ஸி மேலாக நடந்துபோவதற்கு அந்த எடைதான் காரணம். பொது விற்பனை 2019இல் நின்றது.

ஹைவே, மலை இரண்டும் வாரம் தவறாமல் போகிறவர் என்றால் என் ஓட்டு 2000த்துக்குப் பிந்தைய ஜிப்ஸிக்கு. ஐந்தாவது கியர் ஒன்றே பாதி அலுப்பைக் குறைக்கும். பின் சீட்டில் பெரியவர்களை உட்கார வைக்க மட்டும் நினைக்காதீர்கள். நான்கு பக்கமும் பட்டை ஸ்பிரிங், காலி வண்டியில் அது எலும்பை எண்ணிக் காட்டும்.

◆ எம்.எம். 540இன் டீசல் எஞ்சின் பிரெஞ்சு வம்சம். பெஜோவின் எக்ஸ்.டி.பி. 4.90, 2,112 சி.சி. வேகம் இல்லை, சத்தம் உண்டு, ஆனால் ஊசி முனையில் நிற்கிற ஏற்றத்தில் ஆக்சிலேட்டரைத் தொடாமலே ஊர்ந்து ஏறும். மாதத்தில் இரண்டு பயணம், அதுவும் மலைக்குத்தான் என்பவர்களுக்கு நான் தயங்காமல் சொல்லும் வண்டி இது.

◆ ஜோங்கா என்பது ஒரு சுருக்கம். ‘ஜபல்பூர் ஆர்ட்னன்ஸ் அண்டு கன்கேரேஜ் அசெம்பிளி’ என்ற ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகள். நிஸான் பேட்ரோல் 60 வண்டியை ராணுவத்துக்காக ஜபல்பூரில் கட்டினார்கள். ஆறு சிலிண்டர், 3,956 சி.சி. பெட்ரோல் எஞ்சின். கம்பீரத்துக்குக் குறைவே இல்லை. பெட்ரோல் பங்க்கில்தான் கண்ணீர் வரும்.

◆ இப்போது, வண்டி எந்த ஊரில் நின்றது என்ற அந்த முதல் கேள்விக்கு வருகிறேன்.

மட்டாஞ்சேரி, தோப்பும்படி, இடக்கொச்சி பக்கம் இருக்கிறவர்களுக்கு ‘விருச்சிக வேலியேற்றம்’ என்று சொன்னாலே போதும். நம் கார்த்திகைக்கும் மாசிக்கும் இடையே கடல் ஏறும் நாள்களில் ஓடை வழியாக உப்புத் தண்ணீர் தெருவுக்குள் வரும். விடியற்காலையில் முற்றத்தில் கணுக்கால் அளவு நிற்கும், மதியத்துக்குள் வடிந்துவிடும். வண்டியும் அதற்குள்தான் நிற்கிறது. மழைத்தண்ணீராக இருந்தால் காய்ந்து போகும். இது வடிந்தாலும் உப்பை விட்டுவிட்டுப் போகிறது. ஈரக்காற்று பட்டதும் அந்த உப்பு மறுபடி நனைகிறது. ஜீப்பின் சேசிஸ் பல இடங்களில் பெட்டிபோல மூடியிருக்கும். துரு அதன் உள்ளேயிருந்து தின்னத் தொடங்கும், வெளிப்பெயின்ட்டைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது.

சில வருஷங்களுக்கு முன் இங்கே பக்கத்துத் தெருவில் ஓர் எம்.எம். 540 விலைக்கு வந்தது. ஆலிவ் பச்சை, புது ஹூட், புது டயர். பார்த்ததும் கை அட்வான்ஸுக்குப் போய்விட்டது. கூட வந்த ஆசான் (இங்கே தலைமை மெக்கானிக்கை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) ஒன்றும் பேசாமல் சாக்கை விரித்து அடியில் படுத்தார். ஸ்குரூ டிரைவரின் பிடியால் சேசிஸைத் தட்டிக்கொண்டே போனார். டிங், டிங், டிங். பின் ஸ்பிரிங் தொங்குகிற இடத்துக்கு வந்ததும் சத்தம் மாறியது. டொப். முனையைத் திருப்பி வைத்து அழுத்தினார், பெயின்ட்டும் பட்டியும் உதிர்ந்து ஸ்குரூ டிரைவர் இரண்டு அங்குலம் உள்ளே போனது. உள்ளிருந்து செம்மண்போலத் துரு அவர் கழுத்தில் கொட்டியது. அந்த இடம் விட்டால் ஹைவேயில் பின் ஆக்சில் தனியாகக் கழன்று நிற்கும். விற்க வந்தவரே அதைப் பார்த்து அதிர்ந்துபோனார், அவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

அதிலிருந்து நான் சொல்வது: கரையோரத்தில் நின்ற பளபள வண்டியைவிட, தேனியிலோ கோயம்புத்தூர்ப் பக்கமோ வெயிலில் நிறம் போய் நின்ற வண்டி மேல். எஞ்சினைப் பிரித்துக் கட்டலாம், கியர்பாக்ஸ் மாற்றலாம். சேசிஸ் போனால் வண்டியே இல்லை.

◆ அலுமினியம் துருப்பிடிக்காது, அதனால் பழைய லேண்ட் ரோவர் கடலோரத்துக்கு நல்லது என்பார்கள். பாதிதான் சரி. 1948 ஏப்ரல் 30இல் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அறிமுகமான அந்த வண்டிக்கு உடல் அலுமினியக் கலவை, சேசிஸ் இரும்பு. போருக்குப் பின் இங்கிலாந்தில் இரும்புக்கு ரேஷன் இருந்ததால் அப்படி. இரண்டு உலோகமும் தொடுகிற இடத்தில் உப்பு ஈரம் சேர்ந்தால் சின்ன பேட்டரிபோல ஆகி அலுமினியம் வெள்ளைப் பொடியாக அரித்துப் போகும். கதவின் அடிவிளிம்பில் பெயின்ட் கொப்பளித்திருந்தால் விரலால் அழுத்திப் பாருங்கள்.

◆ ஜீப் என்றாலே ஃபோர் வீல் இல்லை. மஹிந்திரா ஜீப்புகளும் கமாண்டர்களும் நிறைய இரண்டு சக்கர இழுவையாகவே விற்பனையாயின, வெளித்தோற்றம் ஒன்றுதான். ஓடிய காலத்தில் டீசல் மிச்சம் பிடிக்க முன் ஷாஃப்ட்டைக் கழற்றிவைத்தவர்களும் உண்டு. முன் ஆக்சிலைக் குனிந்து பாருங்கள். நடுவை விட்டு ஒரு பக்கமாக உருண்டையான டிஃபரன்ஷியல் இருக்க வேண்டும், அதற்குள் ஷாஃப்ட் போக வேண்டும். பிறகு மணலிலோ சேற்றிலோ வைத்து ஃபோர் வீல், லோ இரண்டையும் போட்டு, முன் சக்கரங்களும் இழுக்கின்றனவா என்று வெளியே ஒருவரை நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். முன் சக்கரத்தில் திருகும் ஹப் இருந்தால் அதை ‘லாக்’கில் வைக்க மறக்க வேண்டாம்.

◆ நான்கு டயரும் ஒரே அளவு, ஒரே தேய்மானம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஃபோர் வீல் போட்டதுமே முன்னும் பின்னும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும்.

◆ மூணாறிலிருந்து நேரியமங்கலத்துக்கு அறுபது கிலோமீட்டர் சொச்சம், இறக்கம் ஏறக்குறைய 1,400 மீட்டர். 1,200 கிலோ எடையுள்ள ஒரு வண்டி அவ்வளவு உயரம் இறங்கும்போது வெளிவரும் சக்தியில் ஐம்பது லிட்டர் பச்சைத்தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம். எஞ்சின் இழுத்துப் பிடிக்காவிட்டால் அதில் பெரும்பங்கு நான்கு சின்ன டிரம்முக்குள்தான் போகிறது. டிரம் சூடேறினால் பிரேக் பிடி தளரும், பெடல் மட்டும் வழக்கம்போலக் கல்லாக நிற்கும். ஏறின கியரிலேயே இறங்கு என்று பழைய டிரைவர்கள் சொல்வது இதற்காகத்தான்.

இன்னொன்று. பழைய ஜீப்புகளில் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் ஆயில் ஒரே சுற்றில் போகிறது. எங்காவது ஒரு குழாய் விட்டால் நான்கும் போகும். இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டர் பொருத்திய வண்டி கிடைத்தால் அதற்கு மற்ற எந்த அலங்காரத்தையும்விட அதிக விலை கொடுக்கலாம்.

◆ இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். கார்புரேட்டர் காலத்து ரப்பர் குழாய், டயஃப்ரம், வாஷர்கள் எத்தனாலுக்காகச் செய்யப்பட்டவை அல்ல. அவை ஊறி, வெடித்து, கசியத் தொடங்கும். பழைய பெட்ரோல் வண்டி வாங்கிய வாரத்திலேயே எரிபொருள் குழாய்களை முழுக்க மாற்றிவிடுங்கள். மாதக்கணக்கில் டேங்கை நிரப்பி நிறுத்தவும் வேண்டாம். எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், நம்மூர்க் காற்றில் ஈரத்துக்கா பஞ்சம்.

◆ ‘விண்டேஜ்’ என்று பதிவு செய்தால் அந்த வண்டியைத் தினமும் ரோட்டில் ஓட்ட முடியாது. 2021இல் வந்த மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டி, மூல வடிவம் மாறாமல் இருக்கும் வண்டிதான் விண்டேஜ். மாநில எழுத்துக்குப் பின் ‘வி.ஏ.’ என்று தனி நம்பர் வரிசை. புதிதாகப் பதிய 20,000 ரூபாய், பத்தாண்டுக்குச் செல்லும். ஆனால் கண்காட்சி, ராலி, ஆராய்ச்சி, பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது போன்றவற்றுக்குத்தான் தெருவில் இறக்கலாம். மலைக்குப் போக வேண்டும் என்கிறவர் சாதாரணப் பதிவையே வைத்துக்கொண்டு, 15 ஆண்டு முடிந்த வண்டிக்கு ஐந்தாண்டுக்கு ஒரு முறை புதுப்பிப்பதுதான் வழி. 600 ரூபாயாக இருந்த கார் புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 5,000 ஆனது. 20 ஆண்டு தாண்டிய வண்டிகளுக்கு 2025இல் அதையும் இரட்டிப்பாக்கினார்கள்.

◆ பெரிய டயர், வேறு எஞ்சின், வெட்டி ஒட்டிய பாடி எல்லாம் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். தயாரிப்பாளர் கொடுத்த வடிவத்துக்கு மாறாக வண்டியை மாற்ற முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் சொன்னது, அது கேரளத்திலிருந்து போன வழக்கு. எஞ்சின் மாற்றத்துக்கு ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கி ஆர்.சி.யில் ஏற்றியிருக்க வேண்டும். ஏறவில்லை என்றால் புதுப்பிக்கும் நாளில் வண்டி முற்றத்திலேயே நின்றுவிடும்.

◆ 2025 செப்டம்பரில் கொச்சி சுங்கத்துறை ‘ஆபரேஷன் நும்கோர்’ என்ற பெயரில் கேரளம் முழுக்கச் சோதனை நடத்தி, முப்பதுக்கும் மேற்பட்ட வண்டிகளைப் பிடித்தது. நும்கோர் என்றால் பூட்டான் மொழியில் வாகனம். பூட்டானில் ஏலம் போன வண்டிகள் வரி கட்டாமல் எல்லை தாண்டி, போலி ஆவணங்களோடு வட மாநிலங்களில் பதிவாகி, இங்கே விற்பனையானதாகத் துறை சொன்னது. பழைய லேண்ட் குரூஸரும் பேட்ரோலும் ஆசைப்பட வைக்கிற வண்டிகள்தான். தூர மாநில நம்பரும், ‘ராணுவ ஏலத்தில் எடுத்தது’ என்ற பேச்சும் சேர்ந்து வந்தால் ஏலச்சீட்டின் மூலத்தைக் கையில் வாங்கிப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

◆ சேசிஸ் நம்பரைக் கண்ணால் படிப்பது போதாது. இடத்தை மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்து, மெல்லிய தாளை வைத்து பென்சிலால் தேயுங்கள். எழுத்துகள் ஒரே ஆழத்தில், ஒரே வரிசையில் தாளில் எழ வேண்டும். ஓர் எண் மட்டும் மேலேறியோ, பக்கத்து இரும்பு அரம் போட்டதுபோல வழவழப்பாகவோ இருந்தால் அந்த வண்டி வேண்டாம்.

◆ ஆற்றைக் கடந்தால் டீசலுக்கு ஒரு வசதி: நனைந்து நின்றுபோக ஸ்பார்க் பிளக்கும் டிஸ்ட்ரிபியூட்டரும் அதில் இல்லை. ஆனால் ஓடிச் சூடான ஆக்சில் குளிர்ந்த நீரில் இறங்கியதும் உள்ளே காற்று சுருங்கித் தண்ணீரை உறிஞ்சும். மறுநாள் டிஃபரன்ஷியல் ஆயிலைக் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள். பால் விட்ட காபி நிறத்தில் இருந்தால் முழுக்க மாற்ற வேண்டும். கரையேறியதும் நூறு அடி தூரம் பிரேக்கை லேசாக அழுத்தியபடி ஓட்டி டிரம்மைக் காயவைப்பதும் அவசியம்.

◆ சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஜீப்பில்தான் போக முடியும். மலை தமிழ்நாட்டில், ஏறுகிற வழி கேரளத்தில். கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சியாக 2010இல் உருவான இடமலைக்குடிக்கும் பெட்டிமுடி தாண்டினால் ஜீப்தான் கதி. இந்தத் தடங்களில் ஓட்டுகிறவர்களில் தோட்டத்துத் தமிழர்கள் நிறைய. வண்டியைப் பற்றி அவர்களிடம் கேட்டால் குதிரைசக்தியைப் பற்றி ஒரு சொல் வராது. “சாமான் அடிமாலியில கிடைக்குமா?” என்பார்கள், பக்கத்து ஊர்க் கடையில் உதிரி பாகம் கிடைக்குமா என்றுதான் கேள்வி. நான் ஏட்டில் படித்த எல்லாவற்றையும்விட அந்தக் கேள்விதான் என் முடிவுகளை மாற்றியது. வில்லிஸ் மேல் எனக்கு உயிர். ஆனாலும் அதன் ஒரு சின்ன கியருக்காக மாதக்கணக்கில் காத்திருக்கத் தயாராக இல்லாதவரிடம் அதை வாங்கச் சொல்ல மாட்டேன்.

◆ வண்டி வாங்கியாயிற்று, முதல் பயணம் என்றால் காலை ஐந்துக்குள் குண்டனூரைத் தாண்டுங்கள். நேரியமங்கலம் பாலத்துக்கு முன் ஓரமாக நிறுத்தி, டீ சொல்லிவிட்டு, வண்டியை ஒரு சுற்று வந்து நான்கு சக்கரத்தின் ஹப் அருகிலும் புறங்கையை நீட்டிப் பாருங்கள். நேராகத் தொட வேண்டாம், சுடும். மூன்று வெதுவெதுப்பாகவும் ஒன்று மட்டும் அனலாகவும் இருந்தால் அதில் பிரேக் ஷூ ஒட்டுகிறது, இல்லையென்றால் பேரிங் இறுகியிருக்கிறது. அப்படி என்றால் அங்கிருந்தே கோதமங்கலத்துக்குத் திரும்பி ஒர்க்ஷாப் தேடுங்கள். நான்கும் ஒரே சூட்டில் இருந்தால் டீயைக் குடித்துவிட்டுப் பாலம் ஏறலாம்.